பொதுவினையும் தனிப்பெயரும்

உலகியலில் ஒருவர் தாமே தனித்து நின்று முடிக்கத்தக்க வினைகள் மிகச் சிலவே. உழவும் நெசவும், கட்டிடமும் கப்பலும், அரசியலும் கல்வியும் பலர் கூடி முயன்றாலன்றி நடைபெறா. அங்ஙனம் பலர் கூடியவிடத்து முதற்கண் எழும் வினா, "இதனை யார் செய்வது?" என்பதாம். வினை முடிந்தபின் எழும் வினா, "இதனை யார் செய்தது?" என்பதாம். முன்னதற்கு விடையில்லையேல் வினை கிடந்துபோம். பின்னதற்கு விடையில்லையேல் உழைத்தவர் நெஞ்சம் புழுங்கும். இவ்விரு வினாக்கட்கும் ஒருங்கே விடையிறுக்க இக்காலத்தார் கண்டதொரு கருவியைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுந்தாம்.

அக்கருவியாவது, கணினித் திரையிலே தோன்றும் பணிப்பலகை. அடையாற்றின் மத்திய கைலாசத்தருகே தொடங்கித் தெற்கே நீளும் ராஜீவ் காந்தி சாலையை அறியாதார் சென்னையில் அரியர். அதன்கண், தரமணியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டைடல் பூங்கா முதலாக மென்பொருள் நிலையங்கள் பல நிரல்பட நிற்கின்றன. கல்லூரிப் படிப்பை முடித்து வெளியேறும் அன்பர் பலர்க்கு முதல் ஊதியம் கிட்டும் வழியும் அச்சாலையே. அந்நிலையங்களில் ஐவர், அறுவர், எண்மர் எனச் சிறு குழுவினராய்க் கூடி வேலை செய்வோர் காலையில் அமர்ந்ததும் முதலிற் காண்பது இப்பலகையையே. அதன்கண் யார் பெயர் எங்கே எழுதப்படுகின்றது என்பது அவர்தம் நாட்பணியையும், சிலவிடங்களில் ஆண்டிறுதி மதிப்பீட்டையும் தொடுவதாகலின், இதனைச் சிறு பொருளென்று தள்ளுதல் தகாது.

"தமிழிலக்கணம் பயிலும் மாணவர்க்கு மென்பொருளார் பலகையில் என்ன வேலை?" என்று வினவுவாரும் உளர். வினையையும் வினைமுதலையும் பொருத்தி உரைப்பது இலக்கணத்தின் தலையாய தொழில்களுள் ஒன்று. ஆகவே ஒரு வினைக்குப் பலர் வினைமுதலாய் நிற்குமிடத்து அவரை எங்ஙனம் குறிப்பது என்னும் ஆராய்ச்சி எமக்குப் புறம்பானதன்று என்பதே எமது விடை.

இனி, பலகையின் இயல்பைச் சுருங்கக் கூறுவாம். பலகை நெடுக்காகப் பல பத்திகளாய்ப் பகுக்கப்பட்டிருக்கும். முதற்பத்தி செய்யவேண்டியவை, அடுத்தது செய்யப்படுகின்றவை, அதற்கடுத்தது சோதிக்கப்படுகின்றவை, இறுதியது முடிந்தவை. ஒவ்வொரு வேலையும் ஒரு சீட்டில் எழுதப்பெற்று, வளர வளர ஒரு பத்தியினின்றும் மற்றொன்றிற்கு நகர்த்தப்படும். சீட்டின் மூலையில் ஒரு சிறு வட்டம் உண்டு. அதனுள் ஒருவர் முகமேனும் பெயரின் முதலெழுத்தேனும் தோன்றும். எமது ஆராய்ச்சி முழுவதும் அச்சிறு வட்டத்தைப் பற்றியதே.

இப்பலகையின் பிறப்பிடம் மென்பொருள் நிலையமன்று, தொழிற்சாலையாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானிய டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பார், ஒரு பகுதியினர்க்கு வேண்டும் உறுப்புகளை வேண்டிய பொழுது வேண்டிய அளவே முந்திய பகுதியினர் செய்து தருமாறு சீட்டுகளைக் கொண்டு ஒழுங்குபடுத்தினார். அச்சீட்டிற்கு வழங்கிய 'கன்பான்' என்னும் பெயர்க்கு அறிவிப்புப் பலகை என்பது பொருள். பின்னர், 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு என்னும் மலையிடத்தே மென்பொருள் வல்லுநர் பதினெழுவர் கூடி, 'அஜைல்' என்னும் பெயரால் நான்கு விழுமியங்களையும் பன்னிரண்டு நெறிகளையும் வகுத்தனர். மேலிருந்து ஏவும் ஒருவனை நோக்கியிராமல் குழுவே தன்னைத் தான் ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும் என்பது அந்நெறிகளின் உட்கிடை. அப்பதினெழுவருள் ஒருவராகிய கென்ட் பெக் என்பார் 1999-ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட நூலொன்றில், எழுதப்பெற்ற நிரல் முழுவதும் குழுவினர் அனைவர்க்கும் பொதுவுடைமை என்றும், ஒரு பொறியின்முன் இருவர் இணைந்தமர்ந்து எழுதுதல் நன்றென்றும் வற்புறுத்தியிருந்தார். ஸ்க்ரம் என்னும் முறைக்குரிய வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பும், பயன்தரும் விளைபொருளை ஆக்கும் பொறுப்பைக் குழு முழுமைக்கும் உரியதாகவே கூறுகின்றது.

கொள்கை இங்ஙனம் பொதுமை பேச, கருவியோ பெரும்பாலும் தனிமை பேசுகின்றது. ஆஸ்திரேலிய நாட்டு அட்லாசியன் நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட ஜிரா என்னும் பலகையில், ஒரு சீட்டுக்குப் பொறுப்பாளர் எனக் குறிக்க இயல்பாக அமைந்த இடம் ஒருவர்க்கே. ஆசனா என்னும் கருவியாரும் ஒரு பணிக்கு ஒரு பொறுப்பாளரே என்பதைக் கொள்கையாகவே கொண்டுள்ளனர். மற்றொருசாரார், 2011-ஆம் ஆண்டு தோன்றிய டிரெல்லோ போல்வார், ஒரு சீட்டில் எத்துணையர் முகத்தையும் ஒட்ட இடந்தருகின்றனர். கிட்ஹப் என்பதில் ஒரு பணிக்குப் பதின்மர் வரை குறிக்கலாம். சென்னையை அடுத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் தலைமையிடம் கொண்ட ஜோஹோ நிறுவனத்தாரின் பணித்திட்டக் கருவியும் ஒரு வேலைக்குப் பலரை உரியவராக்க இடந்தருவதே. ஆகவே, ஒரு பெயரா பல பெயரா என்னும் வழக்கு உலகெங்கும் தீராது நிற்கின்றது. எம் நகரத்துக் குழுவொன்று எக்கருவியை மேற்கொள்கின்றதோ, அக்கருவியின் கொள்கையைத் தானறியாமலே தன் கொள்கையாக ஏற்றுவிடுகின்றது.

ஒரு பெயர்க் கட்சியார் கூறுவது எளிதில் தள்ளத்தக்கதன்று. பலர்க்கு உரியது எவர்க்கும் உரியதன்று என்பது நாடோறும் காணப்படும் உண்மை. தெருக்குழாயில் நீர் வீணே ஒழுகுவதை நூற்றுவர் காண்பர். திருகி நிறுத்துவார் ஒருவர் வேண்டும். திருவள்ளுவரும் தெரிந்துவினையாடல் என ஓரதிகாரமே வகுத்து, தக்கவனை ஆராய்ந்து வினையை அவன்பாற் பொருத்துதலை வற்புறுத்தினார்.

இதற்குச் சோதனை வாயிலான சான்றும் உண்டு. பிரெஞ்சு நாட்டு வேளாண் பொறிஞர் மாக்ஸ் ரிங்கெல்மன் என்பார், கயிற்றை ஒருவர் தனித்து இழுக்கும் வலிமையையும் பலர் கூடி இழுக்கும் வலிமையையும் அளந்து 1913-ஆம் ஆண்டு வெளியிட்டார். எண்மர் கூடி இழுத்தபொழுது, எண்மரும் தனித்தனியே காட்டிய வலிமையைக் கூட்டிவந்த தொகையின் ஏறத்தாழ அரைப்பங்கே வெளிப்பட்டது. இழுக்கும் தாளம் ஒன்றாமை ஒரு காரணம். தம் முயற்சியைத் தாமறியாமற் குறைத்துக்கொள்ளுதல் மற்றொரு காரணம். 1979-ஆம் ஆண்டு அமெரிக்க உளநூலார் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்னும் மூவர் கைதட்டவும் கூவவும் செய்து சோதித்தபொழுதும், கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் முயற்சியும் குறைந்தமை காணப்பட்டது. ஊர் கூடித் தேரிழுக்க வேண்டும் என்னும் பழமொழியை நாம் பெருமையோடு எடுத்தோதுகின்றோம். வடத்தைப் பற்றிய கைகளெல்லாம் வடத்தை இழுத்தனவா என்று எவரும் வினவுவதில்லை. சீட்டொன்றில் ஆறு முகங்களை ஒட்டிவிட்டு, "யாவரும் பொறுப்பு" என்று மகிழ்வார் நிலையும் இதுவே. அறுவரும் பிறர் ஐவர் பார்த்துக்கொள்வரென்று இருப்பர், சீட்டு நகராது.

அற்றேல், ஒரு பெயரே போதுமென்று முடிப்போமா? அங்ஙனம் முடித்தலிலும் இடர் உண்டு. உவமையாக ஒன்று காண்பாம். வங்கியொன்றின் பணமனுப்பும் பக்கத்தில், கைபேசிக்கு வரவேண்டிய கடவெண் காலந்தாழ்த்து வருகின்றதென வைத்துக்கொள்க. "தாமதத்தை நீக்குக" என ஒரு சீட்டு எழுதப்படுகின்றது. நிரலைத் திருத்துபவர் ஒருவர். பதிவேடுகளை நள்ளிரவுவரை துருவி, பிழை எவ்விடத்துளது எனக் காட்டியவர் வேறொருவர். பழைய கைபேசிகளில் இட்டுச் சோதித்தவர் மூன்றாமவர். வங்கியாரோடு பன்முறை பேசி அவர்தம் குறையைத் தெளிவித்தவர் நான்காமவர். சீட்டு முடிந்தவை என்னும் பத்தியை அடையும்பொழுது அதன் மூலையில் நிற்பது முதல்வர் முகம் ஒன்றே. ஏனை மூவரும் அன்று யாது செய்தனர் என்று பலகையை வினவினால், அது வாய் திறவாது. மேலாளர் ஒருவர் ஆண்டிறுதியில் சீட்டுகளை எண்ணி மதிப்பிடப் புகுவராயின், அம்மூவர் உழைப்பும் எண்ணிக்கையில் இல்லை.

இவ்விழப்பு எல்லார்மேலும் ஒப்ப விழுவதன்று என்பதே எம் உள்ளத்தை உறுத்துவது. கூட்டத்தில் முந்திப் பேசவல்லார் தம் பெயரைச் சீட்டில் ஏற்றுவர். பேசக் கூசுவார், புதிதாய்ச் சேர்ந்தோர், சிற்றூரிலிருந்து தமிழ்வழிக் கல்வி பயின்று வந்து ஆங்கிலத்தில் விரைந்து விடைகூற இயலாதோர் ஆகியோர், பிறர் சீட்டிற்குத் துணைநின்றே நாளைக் கழிப்பர். துணை செய்தலே அவர் குணமாகலின் அதனைத் தாமே எடுத்துரைக்கவும் நாணுவர். ஆகவே, ஒரு பெயர்ப் பலகை ஒழுங்கைத் தருகின்றது. ஆனால் அவ்வொழுங்கிற்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் குரல் எழாதவரே. இணைந்து எழுதும் இருவருள் ஒருவர் பெயரை மட்டும் இடுதலோ வெளிப்படையான பொய்ம்மை. அவர்தம் வேலையை இரண்டு சீட்டாகப் பிளந்து ஆளுக்கொன்று தருதலும் உண்மையாகாது. என்னை? இருவர் உரையாடிப் பிறந்த நிரலில் எவ்வடி எவருடையது எனப் பிரிக்க இயலாதாகலின்.

ஒரு பெயரும் குறை, பல பெயரும் குறையெனின் வழி யாது? வழி எம் நகரிலேயே உளது. பங்குனித் திருவிழாவில் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் தேர் நான்கு மாட வீதியும் வலம்வருதல் யாவரும் அறிந்ததே. சமய வேற்றுமை கருதாது அதன் தொழிலமைப்பை மட்டும் நோக்குக. வடம் பிடிப்பவர் எண்ணிலர். எவரும் வரலாம், எவரும் விலகலாம். ஆயின் உருளைக்கு முட்டுக்கட்டை இடுபவர் அங்ஙனம் அல்லர். பயின்ற சிலரே அத்தொழிலுக்கு உரியர். திரும்பவேண்டிய மூலையில் எந்த உருளைக்கு எக்கணத்தில் கட்டையிடுவது என்பது அவ்வுருளையருகே நிற்பவர் கையது. அது கூட்டத்தின் பொதுப்பொறுப்பாயின் தேர் வீட்டுச் சுவரில் மோதும். முன்னின்று சைகை காட்டுபவரும் வேறே உளர். ஊர் கூடி இழுக்கும் தேர் நேரே செல்வது, இழுத்தல் பொதுவாகவும் கட்டையிடுதல் தனியாகவும் வகுக்கப்பட்டமையால் அன்றோ? பொதுமையும் தனிமையும் அவ்வீதியில் பகையாய் நிற்கவில்லை. வேறு வேறு தொழில்மேல் நிற்கின்றன.

இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கணமும் நுணுகி உணர்ந்துள்ளது. மூன்றாம் வேற்றுமைப் பொருளாகிய கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இரண்டாகப் பகுப்பர். ஒரு மாளிகையை முதலாளி கட்டினார் என்பதும் உண்மை. கொத்தனார் கட்டினார் என்பதும் உண்மை. முன்னவர் ஏவினார், பின்னவர் இயற்றினார். அவ்வேற்றுமைக்கே உடனிகழ்ச்சி என வேறொரு பொருளும் உண்டு. இருவர் ஒரு வினையிற் கூடுங்கால் 'ஒடு' என்னும் உருபு அவருள் உயர்ந்தாரைச் சார்ந்து வரும் எனத் தொல்காப்பியர் விதித்தமை, கூட்டுவினையிலும் ஒவ்வொருவர் நிலையையும் சொல்லாற் குறிக்க வேண்டும் என்னும் கருத்தைக் காட்டுகின்றது. உயர்வு தாழ்வு குறித்தல் எமது நோக்கமன்று. ஒரே வினைக்கு ஏவுவார், இயற்றுவார், உடன்நிற்பார் எனப் பலர் பலவாறு உரியராதலும், அவரை வேறு வேறு உருவத்தாற் குறித்தலும் நம் மொழிக்குப் பழக்கமானவை என்பதே யாம் சுட்ட விழைவது. பலகையோ, பலவேறு உறவினரையும் ஒரே வட்டத்துள் அடைக்கின்றது. அன்றேல் ஒருவரை மட்டும் இட்டு ஏனையோரைத் தோன்றா எழுவாய் ஆக்குகின்றது.

தன்மைப் பன்மையையும் நோக்குக. 'நாங்கள்' என்பது கேட்போரை நீக்கியது. 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தியது. ஆங்கிலத்திற்கு இவ்வேறுபாடு இல்லை. குழுத்தலைவர் எழுந்து ஆங்கிலத்தில், இதனைச் செய்வோம் என்று கூறினால், கேட்டிருப்போர் தாம் அதனுள் அடங்கினரா இலரா என்பதை ஊகித்தே அறியவேண்டும். பலகையில் 'குழு' என்று பெயரிடப்பட்ட சீட்டும் இத்தகையதே. அது யாரை உளப்படுத்திற்று, யாரை நீக்கிற்று என்பது விளங்காது. "சரிசெய்யப்பட்டது" எனச் செயப்பாட்டு வினையால் முடித்த குறிப்பும் செய்தாரை மறைக்கும். எழுத்திலே வினைமுதலை மறைத்தால் பணியிடத்தே பொறுப்பும் மறையும், நன்றியும் மறையும்.

நகரில் மற்றோரிடத்தும் நல்லதொரு முன்மாதிரி உண்டு. தியாகராய நகரத்துப் பெரிய ஜவுளிக் கடையொன்றிற் புடவை வாங்குவாரை நினைக்க. புடவையைக் காட்டியவர் ஒரு சீட்டு எழுதுவார். பணம் பெறுபவர் அதன்மேல் முத்திரையிடுவார். பொருள் தருமிடத்தில் நிற்பவர் சரிபார்த்துத் தம் குறியையும் இட்டுப் பொட்டலத்தை நம் கையில் தருவார். பலர் கைபட்ட ஒரு வினைதான் அது. எனினும் எக்கணத்திலும் அச்சீட்டு ஒருவர் கையிலேயே இருக்கும். கடந்துவந்த கைகளின் அடையாளமும் அதன்மேல் நிற்கும். விற்றவரைப் பொருள் தருபவர் மறைப்பதில்லை. இப்பொழுது இது யார் கையில், இதுகாறும் யார் யார் கைபட்டது என்னும் இரண்டையும் அந்தச் சிறு தாள் ஒருங்கே கூறிவிடுகின்றது. பல பொன் செலவிட்டு வாங்கிய திரைப்பலகை அதனிற் குறைவாகக் கூறுதல் என்ன நியாயம்?

இஃது அலுவலகத்தார்க்கு மட்டும் உரிய வழக்கென்று கருதற்க. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதலிரு நாட்களில் அடையாறு பெருக்கெடுத்து, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய கரையோரப் பகுதிகளைச் சூழ்ந்தகாலை, தொண்டர் பலர் இணையத்திலே பொதுப் பட்டியல்களைத் திறந்துவைத்து, இடர்ப்பட்டார் வேண்டுகோளையும் இடமும் உணவும் தருவார் முகவரியையும் பதிந்தனர். ஊரறியாதவரும் வேறு நகரங்களிலிருந்து அப்பணியிற் கைகொடுத்தனர். பொதுப் பலகையின் பெருமைக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதன் இடரும் அப்பொழுதே வெளிப்பட்டது. உதவி கிட்டிய பின்னரும் பழைய வேண்டுகோள்கள் கை மாறிக் கை மாறிச் சுற்றின. ஆகவே, பதிந்த எண்ணுக்குப் பேசி உண்மையறிதலும், அறிந்ததைக் குறித்தலுமே தொண்டருட் பலர்க்குத் தனித்தொழிலாயின. நீர் மார்பளவு நிற்கும் வீட்டின் மாடியில் முதியோர் ஒருவர் காத்திருக்குங்கால், "பலர் அறிவர்" என்பது உதவியாகாது. "இன்னார் இன்ன மணிக்குப் பேசினார், இன்னார் படகோடு செல்கின்றார்" என்னும் வரியே உதவியாகும். உயிர்க்கு இடர் வந்த பொழுதில் வேண்டப்பட்ட தெளிவு, ஊதியத்துக்குச் செய்யும் வேலையிலும் வேண்டப்படுவதே.

இவற்றால் யாம் துணிந்தவற்றைத் தொகுத்துக் கூறுவாம்.

ஒன்று: ஒவ்வொரு சீட்டிலும், அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டியவர் ஒருவர் பெயர் தெளிவாக நிற்க வேண்டும். அவர் அவ்வினைக்கு உடைமையாளர் அல்லர். அப்பொழுது அதனைக் கையில் வைத்திருப்பவர். எழுதுவோர் முடித்துச் சோதிப்போரிடம் கொடுத்தால் பெயரும் உடன் மாறவேண்டும். மாறிய நாளும் தோன்றவேண்டும்.

இரண்டு: உடனுழைப்பார் ஏனையோர் பெயரும் சீட்டில் நிற்க வேண்டும், வெறும் முகமாக நில்லாமல் ஒரு வினைச்சொல்லோடு நிற்க வேண்டும். காரணம் கண்டவர், சோதிப்பவர், வங்கியாரோடு பேசுபவர் என்று எழுதுதற்குச் செல்லும் காலம் அரை நிமிடமே. இணைந்து எழுதும் இருவர் பெயரும் இணையாகவே நிற்க வேண்டும். அடுத்த அடிக்குரியவர் இன்று ஒருவர், நாளை மற்றவர் ஆகலாம். ஒரு பெயர்க்கே இடந்தரும் கருவியாயின், துணைவர்க்கெனத் தனிக் கட்டம் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். உட்பணிகளாகப் பிரிக்கத்தக்கவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் பெயரிடலாம்.

மூன்று: குழு முழுமைக்கும் உரிய பொறுப்பு, தனிச் சீட்டில் அன்றிப் பலகையின் தலையிலே எழுதப்பட வேண்டும். இவ்விரு கிழமையில் நாம் முடிக்க எண்ணியது யாது என்னும் ஒரு வரி அங்கே நிற்பின், தம் சீட்டு முடிந்தவர் பிறர் சீட்டு நிற்பதைக் கண்டு கைகொடுப்பர். பொதுப் பொறுப்பின் உண்மையான பொருள் அதுவே.

நான்கு: முடிந்தவை என்னும் பத்தியிலுள்ள சீட்டுகளை எண்ணி ஊதியம் அளத்தலைக் கைவிட வேண்டும். பலகை வேலையை நடத்தற்கு அமைந்தது. ஆளை நிறுத்தற்கு அமைந்த துலாக்கோல் அன்று. அது துலாக்கோலாகும் நாளில், துணைநிற்பார் துணைநிற்றலை விடுத்துத் தமக்கெனச் சீட்டுத் தேடப் புகுவர்.

இதற்கு மறுப்புரைப்பார் இருதிறத்தர். துணைவர் பெயரையெல்லாம் குறிப்பது கண்காணிப்பாய் முடியும் என்பர் ஒருசாரார். அவ்வச்சம் நியாயமானதே, ஆதலினன்றோ நான்காவதை யாம் வற்புறுத்தினோம். மேலும், பெயரை இடுபவர் மேலாளராய் இராமல் அவ்வேலையிற் கூடியவரே ஆதல் வேண்டும். பெயர் வேண்டாவென்பார் விரும்பியவாறே விடப்படுக. அன்புடையார் குழுவிற்கு எழுத்து எதற்கு, பொதுவுடைமைக்குப் பெயரெதற்கு என்பர் மற்றொருசாரார். இவர்க்கு 1981-ஆம் ஆண்டு மேற்கூறிய உளநூலாரே செய்த மற்றொரு சோதனை விடையாகும். கூட்டத்தோடு கூவினும் தம் குரல் தனியே அறியப்படும் என்று உணர்ந்தவரிடத்து முயற்சிக் குறைவு காணப்பட்டிலது. பலரோடு சேர்தலால் மாந்தர் சோம்புவதில்லை. பலருள் மறைதலாலேயே சோம்புகின்றனர். ஆகவே ஒவ்வொருவர் பங்கும் தோன்றுமாறு செய்தல் பொதுமையைக் குலைப்பதன்று, அதனைக் காப்பதேயாம்.

இறுதியாக, எம் உடன்பயில்வார்க்கு ஒரு சொல். இப்பலகைகளை நாம் நாளை எங்கோ காணப்போவதில்லை, இன்றே கைக்கொண்டுள்ளோம். நாடகம், நாட்டு நலப்பணி, துறைவிழா, இறுதியாண்டு ஆய்வேடு ஆகிய எல்லாவற்றிற்கும் மாணவர் குழுக்கள் திரையிலே சீட்டு ஒட்டுகின்றன. ஆய்வேட்டின் முகப்பில் நால்வர் பெயர் ஒரே அளவான எழுத்தில் நிற்க, இரவெல்லாம் தட்டெழுதியவர் யார், நூலகத்தில் தரவு திரட்டியவர் யார், பெயர் மட்டும் தந்தவர் யார் என்பது அந்நால்வர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியாது. அதனை உள்ளத்தில் வைத்துப் புழுங்கி நட்பை இழந்தார் கதைகள் ஒவ்வொரு விடுதியிலும் உண்டு. தொடக்க நாளிலேயே அவரவர் வினையைப் பெயரோடு எழுதி, கை மாறுந்தோறும் மாற்றி எழுதும் பழக்கம் இங்கே படியுமாயின், தரமணிச் சாலைக்குச் செல்லுங்கால் அதனையும் உடன்கொண்டு செல்லலாம். ஆங்கே குழுக்களை நடத்தும் நிலையிலுள்ள பழைய மாணவர்களாகிய பெரியோரும், தம் பலகைகளை ஒருமுறை நோக்கி, முடிந்த சீட்டுகளில் எவர் பெயர் விடுபட்டதென்று அக்குழுவினரையே வினவுவார்களாக. விடுபட்ட பெயருடையார் தாமே வந்து கூறார். வினவுதல் பெரியோர் கடன்.